தலை பிடிக்கிறவர்

பல் டாக்டரம்மா குடும்பத்தோடு நாடு விட்டு நாடு வந்து கிளினிக் போட்டபோது, கூடக் கொண்டுவந்த சாமான்களில் எதற்கும் உதவாமல் போனது அவருடைய புருஷன் ஒருவர்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இடுக்கிகள் உதவின. இடுக்கிகளை வேகவைக்கும் டப்பா உதவியது. துணி காயப்போடக் கொண்டுவந்த நைலான் கயிறுகூடக் குடியிருந்த மாடியில் உதவியது. மனிதர்தான் கீழே வரவேற்பு மேஜைக்குப் பின்னால், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தெரு எப்போதும் பாதியைத்தான் பேசும். மீதிப் பாதி இது.

பழைய ஊரில் அவருக்குப் பேர் தலைபிடி. கேலிக்கு வைத்த பேர்தான் என்றாலும் பட்டம் வாங்கியதுபோல அதை வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கிளினிக்குக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனார். உள்ளே டாக்டரம்மா ஒரு லாரி டிரைவரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவர் சும்மா இருக்க முடியாமல் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, டிரைவரின் தலையைப் பின்னாலிருந்து பிடித்தார். பல் பொத்தென்று வந்துவிட்டது. அன்று பிடித்ததுதான், அப்புறம் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸ் பக்கம் அவர் போகவே இல்லை.

இடது உள்ளங்கை நெற்றியில். வலது கை தாடைக்கு அடியில். உச்சந்தலைக்கு நெஞ்சை அணை கொடுக்க வேண்டும். அவர் பிடித்த தலை ஆடாது. ஊசி போட்டால் வாய் மரத்துப்போகிற வரை காத்திருக்க அந்த ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. வாசலில் கூட்டம் முட்டும். பாதி மரத்த வாயோடு ஆட்கள் துள்ளுவார்கள். டாக்டரம்மா "புடிங்க!" என்று ஒரு குரல் கொடுப்பார். இவர் பிடிப்பார். கடி வாங்கியிருக்கிறார், உதை வாங்கியிருக்கிறார், ஒரு போலீஸ்காரர் சாய்ந்தபடியே பின்னால் கையை விட்டு இவர் காதைத் திருகியே எடுத்திருக்கிறார். பிடியை விட்டதில்லை. மற்ற புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சினிமாவுக்குப் போவார்கள். இவர்கள் சேர்ந்து பல் பிடுங்கினார்கள். பதினைந்து வருஷக் குடித்தனம், யாரோ ஒரு மூன்றாம் ஆளின் தலைக்கு இரண்டு பக்கமும் நின்றே நடந்துவிட்டது.

புது நாட்டில் இந்த வேலைக்கு இடமே இல்லை என்று முதல் நாளே சொன்னவன் மச்சான். டாக்டரம்மாவின் தம்பி. முன்னாலேயே இங்கு வந்து, பல் டாக்டருக்கு உதவியாளராக முறையாகப் படித்து, சட்டையில் பேர் குத்திக்கொண்டு நிற்கிறவன். அக்காவை இங்கே வரவழைத்ததும் அவன்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான்.

"இங்க அப்படி இல்ல மாமா" என்பது அவனுடைய தேசிய கீதம். வாசலில் செருப்பை விட்டால் இங்க அப்படி இல்ல மாமா. காத்திருக்கிறவரிடம் என்ன வலி என்று விசாரித்தால் இங்க அப்படி இல்ல மாமா.

"தொடக் கூடாது மாமா. படிச்சு பாஸ் பண்ணவங்க தவிர வேற யாரும் பேஷன்ட் மேல கை வைக்கக் கூடாது. அதுவும் பின்னாடி நின்னுகிட்டு தலையை... ஐயோ, கொலை கேஸ் ஆக்கிடுவாங்க."

"பதினஞ்சு வருஷமா ஒருத்தன் செத்துட்டானாடா?"

"சாகலன்னா இங்க கணக்கு இல்ல. முதல் ஒரு வருஷம் அக்கா மேல ஒரு புகார் வரக் கூடாது. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் பலகையைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதான். நாம எல்லாரும் மூட்டையைக் கட்டணும். புரியுதா?"

புரிந்தது. பழைய ஊரில் கிளினிக்கை விற்றாயிற்று, வீட்டையும் விற்றாயிற்று. திரும்பிப் போனால் தலைசாய்க்க இடமில்லாமல் திண்டாட வேண்டும். டாக்டரம்மாவோ ஐம்பதை நெருங்குகிறவர், பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து படித்து இந்த ஊர்ப் பரீட்சையை மறுபடி எழுதித் தேறியிருந்தார். கண்ணாடிக் கதவில் அவர் பேரை எழுதி முடித்தவன் தூரிகையை எடுத்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அதைப் புருஷன் பார்த்துவிட்டார். அதனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டார். கைகளை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள்: "அப்பா, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உட்கார்ந்திருக்கேன்னு சொல்லு."

"அது வேலையா?"

"உங்க மாமன் விட்டா அதுக்கும் ஒரு பரீட்சை வைப்பான்."

இப்படி எட்டு மாதம் ஓடியது. கறிக்கடைக்காரர் வந்தது அதற்கப்புறம்தான்.

தெருமுனைக் கறிக்கடையின் முதலாளி. ஆள் ஒரு பீரோ. தொங்குகிற அரை மாட்டைத் தனி ஆளாகத் தோளில் வாங்குவார். முன் தலையை ஒட்ட வெட்டியிருப்பார். பின்னந்தலை முடி மட்டும் காடாக வளர்ந்து தோளில் புரளும். தலைபிடி அதைப் பார்த்து, இந்த ஊர் பேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தெருவில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பல வருஷத்துக்கு முன் இரண்டு பேர் கடைக்குள் புகுந்து, பின்னாலிருந்து அவர் தலையை வளைத்துப் பிடித்து, அவருடைய கத்தியையே எடுத்து அவர் கழுத்தில் இழுத்திருந்தார்கள். பிழைத்தது பெரிய விஷயம். அன்றிலிருந்து அவருக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது. பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். முடிவெட்டுகிறவர் முன்னால் நின்று எட்டுகிற வரைக்கும் வெட்டுவார், எட்டாதது வளரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் விளையாட்டாகப் பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்தி, இன்றைக்கும் ஒரு கை மடங்காமல் திரிகிறான்.

இதெல்லாம் ஊர் அறிந்த சேதி. புதிதாக வந்தவர்களுக்கு இதை யார் சொல்வது? கேட்டால்தானே சொல்வார்கள். கேட்கவும் கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தான்.

கறிக்கடைக்காரருக்குக் கடைசிக் கடைவாய்ப் பல் அழுகி, கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. நாற்காலியை முதலில் சுவரோடு தள்ளப் பார்த்தார். அது தரையோடு முடுக்கியது, நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாக வேலை செய்யாது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு ஊசி போட வேண்டும். டாக்டரம்மா அதைத்தான் சொன்னார்.

"எனக்குப் பொறுக்க நேரமில்ல டாக்டர். கடையில கறி வெளிய கிடக்கு. இழுங்க. நான் பாக்காத ரத்தமா?"

டாக்டரம்மாவும் இழுத்தார். பழைய ஊர் வாடிக்கையாளரை மறுபடி பார்த்த மாதிரி ஒரு குஷி வந்துவிட்டது என்று தோன்றுகிறது. பல் பாதி எழும்பியது. அதற்கு மேல் அசையவில்லை. கறிக்கடைக்காரர் தொண்டைக்குள் உறுமிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். இடுக்கி வழுக்கியது. மச்சான் உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி, புத்தகத்தில் படித்ததுபோல, "ரிலாக்ஸ் சார், ரிலாக்ஸ்" என்றான். ரத்தம் மோவாய் வழியாக இறங்கியது.

"புடிங்க!" என்று டாக்டரம்மா கத்தினார்.

பதினைந்து வருஷப் பழக்கம். வாய் கத்திவிட்டது, அவர் கத்தவில்லை. மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்ததும் இவர் இல்லை, இவருடைய கால்கள். பாதி திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு போய், எட்டு மாதமாகப் பட்டினி கிடந்த இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பின்னாலிருந்து பிடித்தார்.

கறிக்கடைக்காரரின் முழங்கை பின்னால் வந்து இவர் மூக்கை உடைத்தது. பிடி விடவில்லை. அதுதான் தப்பு. விட்டிருந்தால் அந்த ஆள் ஓடியிருப்பார். பிடி இறுகவும் அவருக்குக் கழுத்தில் அந்தப் பழைய கத்தி ஏறிவிட்டது. மாடு அலறுவதுபோல ஒரு சத்தம். நாற்காலியின் விளக்குக் கம்பி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, அதை வீசினார். மச்சான் குறுக்கே பாய்ந்தான். அவனைச் சட்டைப் பேரோடு சேர்த்துத் தூக்கி அலமாரியில் எறிந்தார். அலமாரிக் கண்ணாடி அவன் முதுகில் பொடிந்தது. டாக்டரம்மாவின் விரல் இன்னும் அவர் வாயில் இருந்தது. கடித்தார். எலும்பு வரைக்கும் இறங்கியது. டாக்டரம்மா சளைத்தவரா? மற்றக் கையிலிருந்த இடுக்கியால் அவர் நெற்றிப் பொட்டில் ஓங்கி அடித்தார். வாய் திறந்தது, விரல் வந்தது.

அப்புறம் கறிக்கடைக்காரர் பிடியை உதறித் திரும்பினார். தன்னைப் பிடித்தது யார் என்று பார்த்தார். எதிரே மூக்கில் ரத்தம் ஒழுக, கைகளை இன்னும் ஒரு தலையைப் பிடித்த மாதிரியே வைத்துக்கொண்டு நிற்கிறார் ஒரு ஒல்லி மனிதர். அவரைக் காலரோடு அள்ளி, எச்சில் துப்புகிற பீங்கான் தொட்டியில் முகம் பட மோதினார். ஒரு தடவை. தொட்டி உடைந்தது. இரண்டாவது தடவை. முன்பல் இரண்டு போயின. பல் டாக்டர் வீட்டுக்காரருக்குப் பல் போயிற்று என்று பிறகு தெரு சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காத்திருந்த இருவர் ஓடியே போனார்கள், ஒருவர் செருப்பில்லாமல். கறிக்கடைக்காரர் பாதிப் பல் தொங்க, தெருவுக்கு வந்து விழுந்தார். சத்தம் கேட்டு அவர் கடையிலிருந்து வேலையாட்கள் இரண்டு பேர் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அவர்கள் ஏப்ரனெல்லாம் காலையிலிருந்து வெட்டிய ரத்தம். அதையும் சேர்த்துப் பார்த்த ஜனம், உள்ளே ஒரு குடும்பத்தையே வெட்டிப்போட்டாயிற்று என்று முடிவுகட்டியது. போலீசுக்குச் சொன்னது யார் என்று கேட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள்.

வந்தவர் ஒரு போலீஸ்காரம்மா; கூடத் துணைக்கு ஒருவர். கறிக்கடைக்காரர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சு. மரத்த நாக்கோடு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பின்னாடி... பின்னாடி வந்து... புடிச்சாங்க..."

"யாரு புடிச்சது?"

அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே மச்சான், முதுகிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கியபடியே அக்காவின் காதில் பொரிந்தான். "அக்கா, நல்லா கேட்டுக்க. புடிச்சது கிளினிக் ஆளுன்னா கேஸ் கிளினிக் மேல. முடிஞ்சுது. வெளி ஆளு பூந்துட்டான்னா கேஸ் அந்த ஆளு மேல. நீ எதுவும் பேசாத. நான் பேசுறேன்."

"வெளி ஆளுன்னா? யாரு வெளி ஆளு?"

"இப்ப அதான் யோசிக்கிறேன்."

இதெல்லாம் தரையில் உட்கார்ந்திருந்த தலைபிடியின் காதில் விழுந்தது. துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். நாக்கு புதிதாகக் கிடைத்த ஓட்டைக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் மகள் நின்றாள். பள்ளி விட்டு வந்த பை இன்னும் முதுகில்.

போலீஸ்காரம்மா உள்ளே வந்து நொறுங்கிய கண்ணாடி மேல் பூட்ஸை வைத்தார். "பேஷன்ட்டைப் பின்னாடியிருந்து புடிச்சது யாரு?"

"நான்" என்றார் தலைபிடி.

"நீங்க இங்க வேலை செய்யிறீங்களா?"

தலைபிடி துண்டைத் திருப்பி, ரத்தம் படாத பக்கத்தை வாயில் வைத்துக்கொண்டார்.

"உங்களை யாராவது உள்ள கூப்பிட்டாங்களா?"

டாக்டரம்மா கடிபட்ட விரலை மற்றக் கையால் அழுத்திக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வலிக்குமா என்று கேட்கிறவர்களிடம்கூட, வலிக்கும் என்றுதான் சொல்வார். "ஆமா. நான்தான்..."

"வாயை மூடுடி!"

மச்சானே திடுக்கிட்டுப் போனான். தலைபிடியின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. எழுந்துவிட்டார். பல் போன வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் தெறித்தன.

"எவன் வந்தாலும் வாயில கையை விடுவியா நீ? நான் மேல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கணுமா? எத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்கேன்!"

"என்னங்க... என்ன பேசுறீங்க?"

"பேசாதன்னேன்ல! இன்னிக்கு எவன் வந்தாலும் அவன் தலையைத் திருகணும்னுதான்டி இறங்கி வந்தேன்!"

காத்திருக்கிறவர்கள் உட்காரும் இரும்பு நாற்காலியைத் தூக்கினார். டாக்டரம்மாவின் பேர் எழுதிய கண்ணாடிக் கதவில் எறிந்தார். பேர் அடுக்கடுக்காக உதிர்ந்து நடைபாதையில் விழுந்தது. கூட்டம் ஒரு குரலாக 'ஓ' என்றது. வரவேற்பு மேஜையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"மாமா, இங்க அப்படி..."

விட்டார் ஒரு அறை. நாடகத்துக்கு அந்த அறை தேவையே இல்லை. அது எட்டு மாதப் பாக்கி. மச்சான் போய் அலமாரியில் மறுபடி முட்டிக்கொண்டான்.

மேற்கொண்டு ஏதும் செய்வதற்குள் போலீஸ்காரம்மா பின்னாலிருந்து அவர் கையை முறுக்கித் தரையில் சாய்த்தார். முழங்கால் முதுகில் ஏறியது. ஒரு கை பிடரியிலும் ஒரு கை தாடையிலுமாகத் தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். வலி ஒரு பக்கம் இருந்தாலும், தொழில் தெரிந்த பிடி என்று அவருக்குப் பட்டது. கொஞ்சம்கூட ஆட முடியவில்லை. அந்தக் கோணத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் செருப்பும் டாக்டரம்மாவின் காலும்தான். கால் ஒரு தடவை முன்னால் வந்தது. அப்படியே நின்றது.

"இந்த ஆளு கிளினிக்ல வேலை செய்யிறவரா?" போலீஸ்காரம்மா மூச்சு வாங்கக் கேட்டார்.

மச்சான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இல்ல மேடம். மாடியில இருக்கிறவரு. சந்தேகப் புத்தி."

டாக்டரம்மாவைப் பேசவிடாமல் மகள் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவுக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான தீனி கிடைத்தது. அன்று மாலைக்குள், அவர் பழைய ஊரிலேயே இரண்டு பேரைக் குத்தியவர் என்றும், மனைவியை மாடியில் பூட்டிவைப்பவர் என்றும் செய்தி பழுத்தது. முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார்கள், அதுவரை அந்த முகத்தை நிமிர்ந்தே பார்த்திராதவர்கள். கறிக்கடைக்காரருக்கே மனசு இளகிவிட்டது. இப்படிப்பட்ட புருஷனைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா படாத பாடு படுகிறார், கிளினிக் மேல் என்ன புகார் கொடுப்பது என்று விட்டுவிட்டார். வீக்கம் வடிந்ததும் வந்து மீதிப் பல்லையும் எடுத்துக்கொண்டு போனார். நாற்காலியைச் சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். புதுக் கதவில் புதுசாகப் பேர் எழுதியிருந்தது.

தலைபிடிக்குக் கோர்ட்டில் கிடைத்தது இது: அந்தக் கட்டடத்தின் வாசப்படியை மிதிக்கக் கூடாது. வாரா வாரம் கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போக வேண்டும். பிழைப்புக்கு ஊரின் மறுகோடியில் ஒரு சலவைக்கடையில் வேலை, கடைக்குப் பின்னால் ஒரு அறை. வகுப்பில் அவர்தான் முதல் மாணவர். "கோபம் வந்தா என்ன செய்வீங்க?" என்று டீச்சர் கேட்டால், வாழ்நாளில் அது வந்திராத ஒருவருக்கே உரிய தெளிவோடு பதில் சொன்னார். ஆனால் ராட்சத மெஷினிலிருந்து ஈரப் போர்வைகளை இழுக்கும்போது, தன்னை அறியாமல் அவற்றை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினார்.

டாக்டரம்மா வர ஒரு மாதமாயிற்று. கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விரலில் இன்னும் கட்டு. தலைபிடி போய் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"அப்பா என்ன வேலைன்னு கேட்டா ரவுடின்னு சொல்றாளாம். ஸ்கூல்ல ஒருத்தரும் வம்புக்கு வர்றதில்லயாம்."

அவர் சிரித்தார். பல் இல்லாத இடத்தில் காற்று வந்தது. பிறகு, நெடுநாளாக விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"இப்ப யாரு புடிக்கிறா?"

"யாரும் புடிக்கிறதில்ல. ரெண்டாவது ஊசி போட்டுட்டுக் காத்திருக்கேன். முழுசா மரத்துடுது. யாரும் துள்ளுறதில்ல."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும்."

மூக்கு உடைந்தபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நல்லதுதான். அப்ப இனி பயமில்ல. இன்னும் மூணு மாசம்தானே. தாண்டிடலாம்."

"புடிங்கன்னு கத்துனது நான்."

"அதைப் போயி இப்ப..."

"நான் கத்துனேன். நான் சொல்லியிருப்பேன். பலகையைக் கழட்டினா கழட்டட்டும்னு சொல்லியிருப்பேன். யாரைக் கேட்டுய்யா நீ நாற்காலியைத் தூக்குன? 'வாடி போடி'ங்கிறாரு! ஊரெல்லாம் என்னைப் பாத்து ஐயோ பாவம்ங்குது. கறிக்கடைக்காரன் கண்ணு கலங்குறான். நீ கெட்டவனாம், அவனுங்கெல்லாம் எனக்கு ஆறுதலாம்!"

சொல்லிக்கொண்டே வந்தவர் ஓங்கி ஒரு அறை விட்டார். நல்ல கை, பதினைந்து வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கிய கை. உடைந்த பல்லின் வேர் ஈறைக் கிழித்து, உதட்டோரம் ரத்தம் எட்டிப் பார்த்தது. இரண்டாவது அறையும் விழுந்தது. அவர் முகத்தை நகர்த்தவில்லை.

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அருகில் வந்தார். கையில் போன்.

"என்னம்மா நடக்குது இங்க? போலீசைக் கூப்பிடட்டுமா?"

டாக்டரம்மாவின் கை மூன்றாவது அறைக்கு ஏறிய இடத்திலேயே நின்றது. இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க" என்றார் தலைபிடி. "இவங்க பல் டாக்டர். என் பல்லைப் பாக்குறாங்க."

"ரோட்டுலயா?"

"அவசரம்ங்க. பாருங்க, எப்படி ரத்தம் வருது." தலையைப் பெஞ்சின் முதுகில் சாய்த்து, வாயைப் பெரிதாகத் திறந்தார்.

பெரியவர் நம்பாமல் அங்கேயே நின்றார். டாக்டரம்மா ஓங்கிய கையை இறக்கினார். பிறகு பையைத் திறந்து பஞ்சை எடுத்தார். கட்டுப் போட்ட விரலால் அவர் உதட்டைத் தூக்கி, மற்றக் கையால் ஈறை அழுத்தினார். வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகத்தான் அழுத்தினார்.

"ஆடாதீங்க" என்றார்.

அவர் ஆடவில்லை.